கூழைக்கடாவின் கதவு

ஜெசிந்தாவுக்கு அநியாயம் நடந்திருக்கிறது, செய்தவன் அருள்வேந்தன், குழுத்தலைவன் என்கிற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு எங்கள் படத்தின் பெயர்ப்பட்டியலிலிருந்து அவளை அடித்துவிட்டான். பெயர் இல்லையென்றால் இறுதியாண்டு ப்ராஜெக்டில் அவளுக்குப் பூஜ்யம், பூஜ்யம் என்றால் இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு வருடம் என்றால் மணப்பாட்டில் அவள் வீட்டில் யாரும் அவளைத் திரும்ப பஸ் ஏற்றிவிடப் போவதில்லை. இந்த வரிசையில்தான் மனுவை எழுதியிருக்கிறேன், மூன்று பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். அந்த மூன்று பக்கமும் இப்போது இந்தக் கதவுக்குப் பின்னால் துறைத்தலைவர் சாரதாமணி மேடத்தின் மேசையில் இருக்கிறது, ப்யூன் பேச்சிமுத்து அண்ணன் பத்தே முக்காலுக்கு வாங்கிப்போய் வைத்துவிட்டு வந்து, உக்காரும்மா, கூப்பிடுவாங்க என்றார், உட்கார்ந்தேன், மணி பதினொன்று பத்து ஆகிறது. இந்த ஸ்டீல் பெஞ்சு முழுக்க ஓட்டை, வரிசைக்குப் பதினெட்டு, எண்ணிவிட்டேன், காற்று வரட்டும் என்று போட்ட ஓட்டையாம், உட்கார்ந்த பிறகு எந்தப் பக்கமிருந்து காற்று வரும் என்று யாராவது யோசித்தார்களா, யோசிக்காமல்தான் எல்லாம் செய்கிறார்கள், அருள்வேந்தனும் அப்படித்தான், அளவு கொடுத்தாச்சு, வெட்டத் தெரியலன்னா சொல்லியிருக்கணும் என்று எல்லார் முன்னாலும் சொன்னானே, அவள் தலையைக் குனிந்துகொண்டு தெர்மாகோல் துணுக்குகளைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தாளே, அந்தக் கோபத்தில்தான் மூன்று பக்கமும் எழுதினேன். நான் விடமாட்டேன். மேடம் என்ன கேட்டாலும் பதில் இருக்கிறது. தவறு செய்வது மனித இயல்பு என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், கடற்கரைக் கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த ஒரு மாணவி அளவுகோலைப் புரிந்துகொள்வதில் செய்த சிறு பிழைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று எழுதியிருக்கிறேன், அந்த வரியை எழுதியதும் கண்கூடக் கலங்கியது, நல்ல வரி.

ஒரு விண்கலத்தின் மூக்குக்காக ஒரு பெண்ணின் படிப்பு போகலாமா என்று நான் கேட்பேன். அதுவும் இல்லாத விண்கலம். திருமாறன் அண்ணன் எங்களுக்கு மூன்று வருடம் மூத்தவர், அவர் படிக்கும்போது வரைந்து, படமாக எடுக்காமலே விட்டுப்போன கலம், பெயர் கூழைக்கடா, அந்தப் பறவைக்கு இருக்கிற மாதிரியே முன்பக்கம் பை தொங்கும் அலகாகக் கீழே பிதுங்கியிருக்கும், அந்த அலகு திறந்துதான் விண்வெளி ஆட்கள் இறங்குவார்கள், அதைத்தான் மூக்கு என்போம், ஜெசிந்தாவுக்கு வெட்டக் கொடுத்தது அதைத்தான். இருபது நிமிடப் படம், அட்டையிலும் தெர்மாகோலிலும் கலம், களிமண்ணில் ஆள். வரைபடத்தின் அடியில் அவர் கையெழுத்தில் 1:50 என்று இருந்தது, அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிஜத்தில் அரை மீட்டர், கலம் தாளில் இருபத்தெட்டு சென்டிமீட்டர் இருந்தது, அப்படியானால் நிஜத்தில் பதினாலு மீட்டர், நாங்கள் நிஜத்தில் இருபதில் ஒரு பங்காக மாதிரி செய்கிறோம், ஆகவே எழுபது சென்டிமீட்டர். இந்தக் கணக்கைப் போட்டது நான். குழுவில் ஏழு பேர் இருக்க என்னிடம் கொடுத்தார்கள், ஏனென்றால் நான்தான் பேசுவேன், பேசுகிறவளுக்குக் கணக்கும் வரும் என்று ஒரு நம்பிக்கை. நிஜத்தில் என்று எதைச் சொல்கிறோம், கலமே கிடையாதே, கிடையாத ஒன்றுக்குச் சரியான அளவு எங்கிருந்து வரும் என்று அருள்வேந்தன் கேட்டான், நல்ல கேள்விதான், அதற்கும் பதில் சொன்னேன், ஆள் இருக்கிறானே, ஆளுக்கு அளவு உண்டே, கலம் பொய்யாக இருக்கலாம், அதில் ஏறுகிறவனின் கால் பொய் இல்லை என்றேன், எல்லாரும் தலையாட்டினார்கள், அப்படி ஒரு தலையாட்டல் கிடைத்தால் எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு வேண்டாம். அப்போதுதான் ஜெசிந்தா கேட்டாள், இந்தக் கதவுல ஆளு எப்படிட்டி போவான் என்று. தாளில் கதவு இரண்டு புள்ளி எட்டு சென்டிமீட்டர், ஐம்பதால் பெருக்கினால் ஒரு மீட்டர் நாற்பது, ஆள் ஒரு மீட்டர் எழுபது, தலை இடிக்கும். கேள்வி நியாயம்தான், ஆனால் நான் அதற்குள் பதிலைக் கண்டுபிடித்துவிட்டேன், அதுதான் என் பழக்கம், கேள்வி முடிவதற்குள் பதில் வாயில் வந்து நிற்கும். நீர்மூழ்கிக் கப்பலில் கதவு குள்ளமாகத்தான் இருக்கும், காற்று வெளியே போகாமல் இருக்கக் கதவு சின்னதாக இருப்பதுதான் பொறியியல், திருமாறன் அண்ணன் யோசித்துத்தான் செய்திருக்கிறார், அதற்கு மேலே ஒரு அர்த்தமும் இருக்கிறது, புதிய உலகத்தில் கால் வைக்கிற மனிதன் முதலில் குனிய வேண்டும், அதுதான் இந்தப் படமே என்றேன். அருள்வேந்தனே கை தட்டினான். அன்று சாயங்காலமே களிமண் ஆளைக் குனிய வைத்தோம், முதுகு வளைந்து, தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் மாதிரி.

இப்போது உள்ளே மேடம் யாரோடோ போனில் பேசுகிற சத்தம் கேட்கிறது, சிரிப்பு கேட்கிறது, சிரிக்கிற மனநிலையில் இருப்பது நல்லதா கெட்டதா. என் மனுவைப் படித்துவிட்டாரா. பிழை எவ்வளவும்மா என்று கேட்டால் துல்லியமாகச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் நேற்று ஸ்டோர் ரூமுக்குப் போய், ஒதுக்கிப் போட்டிருந்த ஜெசிந்தாவின் மூக்கை அளந்து குறித்துக்கொண்டு வந்தேன், ஜெசிந்தாவின் மூக்கு என்றால் அவள் வெட்டிய கலத்தின் மூக்கு. உடம்பும் மூக்கும் ஒட்டவே இல்லை, உடம்பு இரண்டு கைக்குள் அடங்கும், மூக்கு அண்டா மாதிரி நின்றது, கூழைக்கடான்னா வாய் பெருசாத்தானடா இருக்கும் என்று அருள்வேந்தன் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது, கொஞ்சம்தான் சிரித்தேன். மறுநாள் காலையில் வேறு மூக்கு வெட்டி ஒட்டினோம், அவள் பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். சரி, கணக்கு. கதவு ஏழு சென்டிமீட்டர் இருக்க வேண்டும், அவள் வெட்டியது பத்து. இறங்குகிற சாய்பலகை பன்னிரண்டு இருக்க வேண்டும், அவள் வெட்டியது பதினேழு. ஜன்னல் இரண்டரை, அவள் வெட்டியது மூன்றரை. கூடுதல் மூன்று, ஐந்து, ஒன்று, ஒழுங்கே இல்லை, பதற்றத்தில் வெட்டியிருக்கிறாள் பாவம், அப்படித்தான் சொல்ல வேண்டும், பதற்றம் என்று. ஆனால் வகுத்துப் பார்த்தால். பத்தை ஏழால் வகுத்தால் ஒன்று புள்ளி நாலு இரண்டு. பதினேழைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒன்று புள்ளி நாலு ஒன்று. மூன்றரையை இரண்டரையால் வகுத்தால் ஒன்று புள்ளி நாலு. போன் கால்குலேட்டரில் மறுபடி போட்டேன், மறுபடி அதே. எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் பல்கலைக்கழகத்தின் மாதிரி வைத்திருக்கிறார்கள், ஸ்பாஞ்சைப் பச்சைச் சாயத்தில் முக்கி மரம், பிளாஸ்டரில் கட்டடம், கடையில் வாங்கிய பொம்மைக் கார் நூலகத்தை விடப் பெரியது, மூன்று வருடமாக அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், தெரியாமல் செய்தால் அப்படி இருக்கும், ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல். தவறு செய்கிறவள் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் தவறாகச் செய்வாளா. ஒன்று புள்ளி நாலு ஒன்று. இது எனக்குத் தெரிந்த எண். எங்கேயோ பார்த்த முகம் மாதிரி, பஸ்ஸில் பார்த்ததா கல்யாணத்தில் பார்த்ததா என்று தெரியாமல் சிரித்துவைப்போமே, அப்படி. இரண்டின் வர்க்கமூலம். சரி, இரண்டின் வர்க்கமூலத்துக்கும் ஜெசிந்தாவின் கத்திக்கும் என்ன சம்பந்தம். முதல் வருடம் பக்க வடிவமைப்பு வகுப்பில் படித்திருக்கிறோம், ஏ3 தாளை ஏ4 ஆக்கினால் ஒவ்வொரு நீளமும் இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்குச் சுருங்கும், பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி, நான் எழுதியிருக்கிறேன், முழு மதிப்பெண். பையிலிருந்து வரைபடத்தை எடுத்தேன், ஏ4 தாள், ஜெராக்ஸ், எங்கள் எல்லாரிடமும் இருந்தது ஜெராக்ஸ்தான், மூலத்தாளை நான் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இடது கீழ் மூலையில் மட்டும் ஜெராக்ஸ் கறுப்பு அதிகமாக விழுந்து மெல்லிசாகக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, அழுக்கு என்று நினைத்திருந்தேன், கிராப் தாளின் கோடுகள், அண்ணன் கிராப் தாளில் வரைந்திருக்கிறார். கிராப் தாளில் ஒரு பெரிய கட்டம் ஒரு சென்டிமீட்டர், உலகம் முழுக்க, பத்தாம் வகுப்பிலிருந்து. ஸ்டீல் ஸ்கேலை வைத்தேன், இரண்டு முறை வைத்தேன். பத்துக் கட்டம், ஏழு சென்டிமீட்டரும் ஒரு மயிரிழையும்.

அப்படியானால் கலம் இருபது மீட்டர். மாதிரி ஒரு மீட்டர் இருந்திருக்க வேண்டும். கதவு இரண்டு மீட்டர், ஆள் நிமிர்ந்து நடந்து வருவான், யாரும் குனிய வேண்டாம், புதிய உலகத்துக்கும் குனிய வேண்டாம், பழைய உலகத்துக்கும் வேண்டாம். 1:50 என்று எழுதியது அந்தப் பெரிய தாளுக்கு, தாளைச் சுருக்கியபோது கோடெல்லாம் சுருங்கியது, எழுதிய எண் மட்டும் சுருங்காமல் அப்படியே நின்றது, அதை நான் வேதவாக்கு மாதிரி எடுத்துக்கொண்டு ஐம்பதால் பெருக்கி, பெருக்கி வந்த அபத்தத்துக்கு ஒரு தத்துவமும் சொல்லி, அதற்குக் கைதட்டலும் வாங்கி. ஏழு பேரில் ஒருத்திதான் சரியாக வெட்டியிருக்கிறாள், மற்ற ஆறு பேரும் சேர்ந்து அவளுடையதைத்தான் தூக்கிப் போட்டோம். இல்லை, நிதானமாக யோசிக்க வேண்டும், அவள் தெரிந்து வெட்டினாளா, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாளே. சொன்னாளா. அந்த நாளைத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், பெரிய மேசை, பசை வாசனை, அவள் வலதுபுறம், மஞ்சள் துப்பட்டா, வாய் திறக்கிறது, திறப்பது நன்றாகத் தெரிகிறது, ஆனால் கேட்பதெல்லாம் என் குரல்தான், அதற்கு முன்னாலும் என் குரல், பின்னாலும் என் குரல், வானொலியில் ஒரே நிலையம் எடுக்கிற மாதிரி. மூன்று வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம், அவள் எனக்குச் சொன்ன நீளமான வாக்கியம் ஒன்றைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை. அவளுக்காகத்தானே வாதாடுகிறேன் என்று இத்தனை நாள், மெஸ்ஸில் அவளுக்கு மீன் இல்லை என்றதற்குச் சண்டை போட்டது நான், அவளுக்கு மீனே பிடிக்காது என்று பிறகு வார்டன் சொல்லித் தெரிந்தது. மனு. கடவுளே, மனு. சிறு பிழை என்று இரண்டாம் பக்கத்தில், புரிந்துகொள்வதில் என்று, கடற்கரைக் கிராமம் என்று. பேச்சிமுத்து அண்ணனிடம் போய், அண்ணே அந்த மனுவை ஒரு நிமிஷம் எடுத்துத் தர முடியுமா, ஒரு வரி விட்டுப்போச்சு என்றேன். அவர் டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டே, உள்ள போன பேப்பர் உள்ள போனதுதாம்மா என்றார், வெளிய வரணும்னா அதுல மேடம் கையெழுத்து விழுந்துருக்கணும். இல்லண்ணே, தப்பா எழுதிட்டேன் என்றேன். எழுத்துப் பிழையா? ஆமாம்ணே. அதெல்லாம் மேடம் பாக்க மாட்டாங்க, அவங்களே பிழை விடுவாங்க என்றார். திரும்ப வந்து உட்கார்ந்தேன். போனை எடுத்து ஜெசிந்தாவுக்கு எழுதினேன், நீளமாக, வர்க்கமூலம், கிராப் தாள், எல்லாம், எழுதிவிட்டுப் பார்த்தால் அதுவும் வாதாட்டம் மாதிரியே இருந்தது, நான் ஏன் ஏமாந்தேன் என்பதற்கு நல்ல நல்ல காரணங்கள். அழித்தேன். அளவு தப்பு என்னோடது, நீ வெட்டினதுதான் சரி என்று மட்டும் போட்டேன். ஒற்றை டிக். மணப்பாட்டில் சிக்னல் கிடைக்க மணல் மேட்டில் ஏற வேண்டும் என்பாள், அதை எப்படி மறக்காமல் வைத்திருக்கிறேன், சரி, ஒரு வாக்கியமாவது இருக்கிறது.

பொன்னெழில் யாரும்மா, போங்க என்று பேச்சிமுத்து அண்ணன் என்னைக் கூப்பிட்டார், எழுந்தபோது ஓட்டைகள் பதிந்து தொடை எரிந்தது. உள்ளே ஏசி குளிர், மேடம் என் மூன்று பக்கத்தையும் விரித்து வைத்திருந்தார், சில வரிகளுக்கு அடியில் பென்சில் கோடு, பாராட்டுகிற மாதிரி கோடு. நல்லா எழுதியிருக்கே, உன் தமிழ் எப்பவும் நல்லா இருக்கும் என்றார். மேடம், அதுல ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். இரு, நான் சொல்லிடறேன், அருள்வேந்தன் கொடுத்த லெட்டர்ல அவ அளவைப் பின்பற்றலேன்னு இருந்துச்சு, ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்கக்கூடாதுன்னுதான் நிறுத்தி வச்சிருந்தேன், இப்ப நீ, அவளோட ரூம்மேட், நீயே பிழைதான்னு எழுதிக் கொடுத்துட்டே, அப்புறம் எனக்கு என்ன வேலை இருக்கு, இரக்கம் காட்டுங்கன்னு கேட்டிருக்கே, இரக்கத்துக்கு மார்க் ஷீட்டுல கட்டம் இல்லம்மா. நான் நின்றுகொண்டே ஜெராக்ஸ் தாளை நீட்டினேன், ஸ்கேலை வைத்தேன், மேடம் இந்தக் கட்டம் பாருங்க, இது ஒரு சென்டிமீட்டர் இருக்கணும், ஏழு மில்லிமீட்டர்தான் இருக்கு, அதனால என்று சொல்லச் சொல்ல என் குரல் என் காதிலேயே வழக்கம்போல ஜெயித்துக்கொண்டு போனது, அவர் முகத்தில் வழக்கமாக எல்லார் முகத்திலும் வருகிற அந்தக் களைப்பு வந்தது, அதை இதற்கு முன்னால் நான் சம்மதம் என்று நினைத்திருக்கிறேன். இங்க கொண்டு வந்த மனுவுல பிழைன்னே, அரை மணி நேரத்துல பிழையே இல்லைங்கிறே, நாளைக்கு என்ன சொல்லுவே என்றார். கணக்குப் போட்டது நான்தான் மேடம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அப்ப அவ பேரு இருக்கணும், உன் பேரு போகணும், அதைச் சொல்றியா? ஆமாம் மேடம் என்றேன், வாய் சொல்லிவிட்டது, வயிறு சொல்லவில்லை, அப்பா முகம் வந்து போனது, கரூரில் டெக்ஸ்டைல்ஸ் வாசலில் நின்றுகொண்டு எல்லாரிடமும் என் பொண்ணு லா படிக்க வேண்டியது என்று சொல்கிற முகம். பேரு போடறதும் எடுக்கறதும் கத்திரிக்காய் வாங்கற மாதிரி இல்ல, நாலு மணிக்கு லிஸ்ட் போகுது, நடந்ததை மட்டும் ஒரு பக்கத்துல எழுதிக்கொண்டா, கமிட்டி பாக்கட்டும், உன்னோடது போகலாம், அவளோடது வரும்னு என்னால சொல்ல முடியாது, ரெண்டு பேரோடதும் போனாலும் போகலாம். ஒரு பக்கம், புரியுதா, கவிதை வேண்டாம்.

பெஞ்சுக்கே வந்தேன். பேச்சிமுத்து அண்ணன் வெள்ளைத்தாள் ஒன்று கொடுத்தார், ஏ4, அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடந்ததை மட்டும். நடந்தது என்ன, நான் தப்பாக அளந்தேன், அவள் சரியாக வெட்டினாள், இரண்டு வரி, இதை எழுதினால் தாளில் முக்கால்வாசி மீதம் இருக்கும், அந்த மீதத்தைப் பார்த்தாலே கை அரிக்கிறது, மூலத்தாளை அருள்வேந்தன் கேட்டு வாங்கிக் காட்டியிருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம், உண்மைதானே, பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் எடுக்கிறவர்கள் கேட்காமலே சுருக்குகிறார்கள் என்று ஒரு வரி, அதுவும் உண்மைதானே, ஒவ்வொரு உண்மையும் என் பிழையை ஒரு மில்லிமீட்டர் சுருக்கும், பக்கம் நிறையும்போது அது கண்ணுக்கே தெரியாது. எழுதவில்லை. இரண்டு வரி எழுதினேன், தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு வெள்ளையாக ஒரு தாளை நான் யாரிடமும் கொடுத்ததில்லை, அண்ணன்கூட வாங்கித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று. இவ்வளவுதானா என்றார். இவ்வளவுதாண்ணே. அவர் உள்ளே போனார், கதவு மூடியது, இனி நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை, பேசுவதற்கும் இல்லை, இரண்டு பெயர்களும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், யாரோ ஒருவரின் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலோ பின்னாலோ. போன் அதிர்ந்தது. இரண்டு டிக், நீலம். ஜெசிந்தா எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, மறுபடி நின்றது, இத்தனை நேரம் எடுத்து அவள் என்ன எழுதுவாள், திட்டுவாள், திட்டினால் நன்றாக இருக்கும், திட்டுக்குப் பதில் சொல்லத் தெரியும், இல்லாவிட்டால் பரவால்லட்டி என்பாள், அது வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. ‘தெரியும்ட்டி. ஜெராக்ஸ் எடுத்ததே நான்தான, கடையில பெரிய தாள் இல்லன்னு சுருக்கித் தந்தாரு. மூணு தடவ சொல்ல வந்தேன். நாலாவது தடவ சொல்லதுக்குப் பதிலா வெட்டிட்டேன்.’